வெக்கை வேறு, புழுக்கம் வேறு

"தோசைக்கல்லுக்கு அடியில படுத்த மாதிரி இருக்குடா" என்று சொல்லிவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு அம்மா கீழ்வீட்டுக்கு இறங்கிப் போனது ஒரு சித்திரை மாத இரவில். மணி 11 இருக்கும். மொட்டைமாடியில் காற்றுக்குக் குறைவில்லை, எதிர்வீட்டு வேப்பமரம் நன்றாகவே ஆடிக்கொண்டிருந்தது. மாடி அறைக்குள் மட்டும் மின்விசிறி முழு வேகத்தில் அனலைக் கீழே தள்ளிக்கொண்டிருந்தது.

கட்டிலில் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கி அரைமணி நேரமான இட்லிச்சட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. சூரியன் மறைந்து நாலரை மணி நேரம் ஆகியும் என் வீட்டுத் தளத்துக்கு மட்டும் இன்னும் பொழுது சாயவில்லை.

மதுரைக்காரர்களுக்கு வெயில் புதிதல்ல. வெயிலைப் பற்றிப் பேச நமக்குச் சொற்களும் கைவசம் இருக்கின்றன, ஆனால் அவற்றைக் கலந்து பேசிப் பேசி வித்தியாசத்தை மறந்துவிட்டோம். வெக்கை என்றால் அடுப்பங்கரையில் முகத்தில் அடிக்கிறதே, அது. சூடான ஒரு பொருள் தன் சூட்டை நம் மேல் வீசுவது. புழுக்கம் வேறு. நெல்லை நீராவியில் மூடி வைத்து அவித்தால் கிடைப்பது புழுங்கல் அரிசி. மூடிய அறைக்குள் வியர்வை காயாமல், காற்று நகராமல் நாம் அவிகிறோமே, அதுதான் புழுக்கம். வெக்கைக்கு மருந்து தடுப்பு. புழுக்கத்துக்கு மருந்து காற்றோட்டம். ஒன்றின் மருந்து மற்றதைத் தீர்க்காது. சில சமயம் அதிகப்படுத்தவும் செய்யும். இந்த இரண்டு வரியைக் கற்றுக்கொள்ள நான் கட்டிய கட்டணம் கொஞ்சநஞ்சமல்ல.

முதல் வைத்தியமே தப்பு. ஃபால்ஸ் சீலிங் போட்டேன். வேலை எடுத்துச் செய்தவர், "ஜிப்சம் போர்டு போட்டுட்டீங்கன்னா பாதி சூடு கீழ இறங்கவே இறங்காது சார்" என்றார். அழகாகவும் இருக்கும், ஓரத்தில் விளக்கு எல்லாம் வைக்கலாம் என்று படம் காட்டினார். படத்தைப் பார்த்து மயங்கியது நான்தான், அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. 4 நாளில் வேலை முடிந்தது. அறையின் உயரம் ஒரு அடி குறைந்தது. முதல் 2 நாள், ஆமாம், தலையில் விழும் அனல் கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரிதான் இருந்தது. மூன்றாவது நாள் மின்சாரம் போனபோதுதான் தெரிந்தது. மூச்சு முட்டியது.

காரணம் வெட்கப்படும்படி எளிமையானது. சுவரின் உச்சியில், சீலிங்கை ஒட்டி, எதிரெதிராக 2 வெண்டிலேட்டர்கள் இருந்தன. வீடு கட்டியபோது அப்பா பிடிவாதமாக வைக்கச் சொன்னவை. சூடான காற்று மேலே ஏறும், அது வெளியே போக மேலேயே வழி வேண்டும் என்பது அவர் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தரவேண்டாத விஷயம். ஜிப்சம் போர்டு அந்த 2 துளைகளையும் தனக்கு மேலே போட்டு மூடிக்கொண்டது. வெக்கையில் கொஞ்சம் கழித்து, புழுக்கத்தில் நிறையக் கூட்டியிருந்தேன்.

ஃபால்ஸ் சீலிங்கே வீண் என்று சொல்ல வரவில்லை. போர்டுக்கு மேல் கண்ணாடிக் கம்பளியோ தெர்மாகோலோ பரப்பினால் சூடு இறங்குவது நன்றாகவே குறையும். வாடகை வீட்டிலோ, மாடி நம் பெயரில் இல்லாத அடுக்ககத்திலோ அதைவிட்டால் வேறு வழியும் கிடையாது. ஆனால் மாடி நம் கையில் இருக்கும்போது தடுப்பை உள்ளே போடுவது, குடையைத் தொப்பிக்குள் விரிப்பது மாதிரி. தளம் பாட்டுக்கு வெயிலில் வெந்துகொண்டேதான் இருக்கும். பகலில் விரிந்து இரவில் சுருங்கி, விரிசல் விட்டு, ஐப்பசி மழையில் ஒழுகவும் ஆரம்பிக்கும்.

ஒழுகவும் ஆரம்பித்தது. அதைப் பார்க்க வந்தவர்தான் என் இரண்டாவது வைத்தியர். 60 வயதைத் தாண்டிய மேஸ்திரி. மாடிக்கு ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு 10 அடி நடந்தார். குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பி வந்தார்.

"தம்பி, தளத்துல தட்டோடு பதிக்கலையா?"

"இல்லண்ணே. சிமெண்டுப் பூச்சோட விட்டுட்டாங்க."

"அப்ப சூடு எங்க போகும்? நேரா உங்க கட்டிலுக்குத்தான்."

தட்டோடு என்று அவர் சொன்னது ஓட்டை மட்டும் அல்ல. கான்கிரீட்டுக்கு மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து 3 அங்குலத்துக்குக் கெட்டித்து, மழைநீர்க் குழாயைப் பார்த்து வாட்டம் கொடுத்து, அதற்கு மேல் தட்டையான மண் ஓடு பதிக்கும் மொத்த வேலையையும். ஒருகாலத்தில் நம்மூரில் இதைச் செய்யாமல் மாடியை முடிக்கமாட்டார்கள். பிறகு, அது எதற்குச் சுமை, எதற்குச் செலவு என்று ஒவ்வொருவராகக் கழற்றிவிட்டோம்.

அவருடைய அப்பா 'தளம் அடிக்கிற' வேலைக்காரராம். இப்போது மெட்ராஸ் டெரஸ் என்று கட்டிடக் கலைஞர்கள் கொண்டாடுகிறார்களே, அந்தத் தளம். தேக்குக் குறுக்குச்சட்டங்களின் மேல் சின்னச் செங்கற்களைச் சாய்வாட்டத்தில் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்பில் பதிப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு. அதை அப்படியே விட்டுவிட முடியாது. பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரப்பலகையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரையும் வெல்லத் தண்ணீரையும் தெளித்துத் தெளித்துத் தட்டவேண்டும். "கட்டை துள்ளி எழும்பற வரைக்கும் அடிக்கணும் தம்பி. சத்தமே மாறும். தொம் தொம்முனு கேக்கறது டங்கு டங்குனு ஆயிரும்" என்று மேஸ்திரி தன் கையைப் பலகையாக்கி என் கைப்பிடிச் சுவரில் தட்டிக் காட்டினார். அந்தத் தளத்துக்குக் கீழே படுத்து வளர்ந்தவர்கள் இப்போதும் அதைச் சொல்லிச் சொல்லி ஏங்குவார்கள். என் அம்மாவும் அந்தக் கட்சி. ஆனால் அவள் பிறந்த காரைக்குடிப் பக்கத்து வீட்டில் தளம் மட்டுமா இருந்தது? முன்வாசலில் நின்றால் பின்வாசல் தெரியும். நடுவில் வானம் தெரியும் முற்றம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்குக்கு மேல் கூரை. தடுப்பும் காற்றோட்டமும் ஒரே வீட்டில் கைகோத்து இருந்தன. பழைய வீட்டின் குளுமையைப் பேசுகிறவர்கள் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் மேஸ்திரியோடு எனக்கு உடன்பாடில்லை. செங்கல் ஜல்லியும் ஓடும் போட்டால் போதும் என்றார் அவர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன், போதாது. சூட்டைக் கடத்துவதில் கான்கிரீட் கெட்டிக்காரன். ஜல்லிச் சுண்ணாம்பு அதில் பாதி கடத்தும். தெர்மாகோலோ, கான்கிரீட் கடத்துவதில் நாற்பதில் ஒரு பங்குக்கும் குறைவு. அதாவது ஒரு அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் சூட்டைக் கான்கிரீட்டால் தடுக்க 40 அங்குலத்துக்கு மேல் கனம் வேண்டும். மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018இல் 'எக்கோ நிவாஸ் சம்ஹிதா' என்று வீடுகளுக்கான ஒரு விதித்தொகுப்பை வெளியிட்டது. கூரை வழியாக, வெளிக்கும் உள்ளுக்கும் இடையே ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, ஒரு சதுர மீட்டருக்கு 1.2 வாட்டுக்கு மேல் சூடு இறங்கக்கூடாது என்கிறது அது. வெறும் கான்கிரீட் தளத்தில் இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இறங்கும். 3 அங்குல ஜல்லி போட்டாலும் அந்த வரம்புக்குள் வராது. நடுவில் ஏதாவது ஒரு நுரைப்பலகை வந்தால்தான் வரும். தாத்தாவின் தளம் குளுமையாக இருந்ததற்குக் கனமும் உயரமும் முற்றமும் சேர்ந்து உழைத்தன. என் 10 அடி உயர அறையில் அந்த உதவியாளர்கள் யாரும் இல்லை.

எதற்குக் கூரையையே பிடித்துக்கொண்டு தொங்குகிறேன் என்றால், நம் ஊர் இருக்கும் இடம் அப்படி. மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நடுப்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர் மேலே வருகிறது, நட்டுவைத்த கம்புக்கு நிழலே விழாது. கோடை முழுக்க வெயிலை வாங்குவது சுவர் அல்ல, மொட்டைமாடி. சுவரில் பார்த்தால் மேற்குச் சுவர் மாலையில் நன்றாக வாங்கும். தெற்குச் சுவருக்கு அந்த மாதங்களில் அனேகமாக வெயிலே கிடையாது. இந்த இரண்டு உச்சிக்கும் நடுவில் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடுவதால், ஆனி மாதம் வடக்கு ஜன்னலில் வெயில் எட்டிப் பார்க்கும். கட்டும்போது இதை யோசிக்காமல் வடக்கு ஜன்னல்களுக்குச் சன்ஷேடே வைக்காமல் விட்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே நாலைந்து உண்டு.

பங்குனியில் வேலையைத் தொடங்கினோம். பழைய பூச்சைச் சுரண்டி, விரிசல்களை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு 2 கோட் அடித்து, காய்ந்தபின் தண்ணீர் கட்டி 2 நாள் விட்டு ஒழுகல் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். அதன் மேல் நெருக்கமான நுரைப்பலகை, ஒன்றரை அங்குலம். சாதா தெர்மாகோல் வேண்டாம், மிதித்தால் அமுங்கும், தண்ணீரையும் மெல்லக் குடிக்கும். பலகைகளின் மூட்டுகளில் நாடா ஒட்டி, அதன் மேல் கோழிவலை விரித்து, வாட்டத்தோடு சிமெண்டுக் கலவை. மேலே வெள்ளை ஓடு, கடைக்காரர்கள் கூலிங் டைல்ஸ் என்று விற்பது. நடுவில் மேஸ்திரி வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஒரு மூலையில் மெதுவாகச் சாய்த்தார். தண்ணீர் நாக்கை நீட்டிக்கொண்டு வாட்டத்தில் ஓடி, குழாய்க்கு 2 அடி முன்னால் ஓரிடத்தில் தயங்கிக் குளம் கட்டியது. எனக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை. அவர் சுண்ணாம்புக் கட்டியால் அந்தக் குளத்தைச் சுற்றி வட்டம் போட்டு, அந்த இடத்தை மட்டும் பெயர்த்தெடுத்து மறுபடி செய்தார். செலவு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, இங்கே எழுதினால் அடுத்த வருடமே பொய்யாகிவிடும். ஃபால்ஸ் சீலிங்குக்குக் கொடுத்ததைவிட அதிகம்தான்.

இவ்வளவுக்கும் வழியில்லாதவர்களுக்கு சுண்ணாம்பு இருக்கிறது. விளையாட்டாகச் சொல்லவில்லை. அழுக்கேறிய சிமெண்டுத் தளம் விழும் வெயிலில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்ளும். புதிதாய் அடித்த வெள்ளை அதில் பெரும்பகுதியைத் திருப்பி வானத்துக்கே அனுப்பிவிடும். தெலங்கானா அரசு 2023இல் இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாடு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது. பேரிடரைத் தணிக்கும் பொருள்களில் மிக மலிவானது பெட்டிக்கடைச் சுவரில் அடிக்கும் அதே சுண்ணாம்பு என்பதில் எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். ஆனால் கவனம். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டால் கொதித்துத் தெறிக்கும், கண்ணுக்கு எமன். முதல் நாளே பீப்பாயில் நீற்ற வைத்து, மறுநாள் வடிகட்டி, கொஞ்சம் ஃபெவிகால் கலந்து, மாலை வெயில் தாழ்ந்த பிறகு ஈரம் பண்ணிய தளத்தில் 2 கோட் அடிக்கவேண்டும். உச்சி வெயிலில் அடித்தால் மாவாக உதிரும். அடித்த மறுநாள் துணி காயப்போட ஏறும்போது கண் கூசும். பக்கத்து வீடு நம்முடையதைவிட உயரம் என்றால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது.

இத்தனையும் செய்து முடித்த இரவில் சீலிங்கில் கை வைத்தேன். சுவரும் சீலிங்கும் ஒரே மாதிரி இருந்தன. வெக்கை போய்விட்டது. புழுக்கம்?

ஃபால்ஸ் சீலிங்கைக் கழற்றியாகிவிட்டது, வெண்டிலேட்டர்களும் வெளியே வந்துவிட்டன. ஆனாலும் காற்று நகரவில்லை. ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அறையின் நடுவில் பிடித்தேன். புகை நூல் மாதிரி நேராக எழுந்து, மின்விசிறியை நிறுத்திய அந்த அறையில் சும்மா நின்றது. தெற்கு ஜன்னல் திறந்துதான் இருந்தது. ஜன்னலருகே கொண்டுபோனால் புகை கொஞ்சம் உள்ளே வந்து, தயங்கி, அதே ஜன்னலின் மேல்பாதி வழியாக வெளியே போனது. காற்றுக்கு உள்ளே வர மனமிருந்தாலும் போக இடமில்லையே. நாற்காலியில் ஏறி வெண்டிலேட்டரைப் பார்த்தேன். வெளிப்பக்கம் கொசுவலை, அதில் 10 வருடத் தூசி கம்பளியாகப் படிந்திருந்தது. எதிர்ச்சுவர் வெண்டிலேட்டருக்கு முன்னால் பரண். பரணில் கொலுப்படிகளும், யாரும் திறக்காத ஒரு சூட்கேஸும், அக்கா கல்யாணத்துக்கு வாங்கிய அண்டாவும். அப்பா வைத்த துளையை அம்மாவின் அண்டா 20 வருடமாக அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

அண்டா கீழே போனது. வலையைக் கழுவி மாட்டினேன். மறுபடி ஊதுபத்தி. இந்த முறை புகை, யாரோ நூலின் நுனியைப் பிடித்து இழுக்கிற மாதிரி, ஜன்னலிலிருந்து சாய்வாக மேலேறிப் பரணுக்கு மேலே போய் மறைந்தது. அன்றைக்குப் பட்ட சந்தோஷம் ஒன்றரை அங்குல நுரைப்பலகை தந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல். இதற்குச் செலவு ஒரு ஊதுபத்தி.

ஜன்னல் பற்றி ஒரு புலம்பல். பழைய மரஜன்னல்கள் இறுகிப்போய்விட்டன என்று சில வருடங்களுக்கு முன் தள்ளுகதவு ஜன்னல் மாற்றியிருந்தேன். அதில் ஒரு கதவைத் தள்ளினால் அது மற்ற கதவின் பின்னால் போய் நிற்கும். 4 அடிக்கு 4 அடி ஜன்னல் என்று பெயர், திறப்பது பாதி. அந்தப் பாதிக்கும் கொசுவலை. முன்பு சொன்ன விதித்தொகுப்பு, நம்மைப்போல் வெப்பமும் ஈரமும் சேர்ந்த பகுதிகளில் வீட்டுத் தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது திறக்கக்கூடிய பரப்பாக இருக்கவேண்டும் என்கிறது. கண்ணாடிப் பரப்பு அல்ல, திறக்கும் பரப்பு. தள்ளுகதவு மாட்டியவர்கள் ஒருநாள் டேப் எடுத்து அளந்து பாருங்கள். வயிறு எரியும்.

திறப்பதற்கும் நேரம் உண்டு. "காத்து வரட்டும்" என்று பட்டப்பகலில் எல்லா ஜன்னலையும் திறந்துபோடுவது எங்கள் தெருவின் தேசிய வழக்கம். வெளியே 40 டிகிரி இருக்கும்போது உள்ளே வருவது காற்று அல்ல, அனல். மதுரை, திருச்சி, வேலூர் மாதிரி உள்நாட்டு ஊர்களில் கோடையில் காலை 9 மணிக்குள் சாத்தி, பொழுது சாய்ந்து வெளிக்காற்று குளிர்ந்தபின் எல்லாவற்றையும் திறப்பதுதான் சரி. சித்திரைத் தென்றல் தெற்கு ஜன்னலுக்கு, ஆடிக் காற்று மேற்கு ஜன்னலுக்கு. மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டியிருக்கிறேன். உள்ளே தொங்கவிடும் திரைச்சீலை கண்ணுக்குத்தான் நிழல். கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயில் வீட்டுக்குள் வந்த வெயில்தான்.

சென்னையில் இருக்கும் அக்காவுக்கு இந்தப் புத்திமதி எதுவும் பொருந்தாது. திருவான்மியூரில் 4 மாடிக் கட்டிடத்தில் 2ஆவது மாடி, கூரைச் சூடு அவள் தலைவலி இல்லை. அவளுக்கு முழுக்கவே புழுக்கம். மதியத்துக்குமேல் கடல்காற்று எழுந்ததும் கிழக்கே திறந்து மேற்கே விட்டால் தீர்ந்தது. கடல்காற்று வராத நாளில் என்னைத் திட்டுவாள்.

சமையலறையில் இன்னொரு கூத்து. எக்ஸாஸ்ட் ஃபேன் ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. அம்மா மிளகாய் தாளித்தால் கூடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் இருமுவோம், ஃபேன் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும். அது இழுத்ததெல்லாம் கீழே இருந்த ஜன்னல் காற்றைத்தான். அடுப்புப் புகை அதன் பாதையிலேயே இல்லை. இப்போது சமைக்கும்போது அந்த ஜன்னலைச் சாத்திவிட்டு எதிர்ப்பக்கக் கதவைத் திறக்கிறோம். அம்மா இதை இன்னும் நம்பவில்லை, "ஜன்னலச் சாத்தினா எப்படிடா பொகை போகும்?" என்று தினமும் கேட்கிறாள்.

ஏசியை விற்றுவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் விற்கவில்லை. கத்திரி வெயிலில் இரவு 2 மணி நேரம் ஓடுகிறது, 26இல். 2020 ஜனவரியிலிருந்து புது ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கவேண்டும் என்று விதி வந்தபோது நான் முணுமுணுத்தவன். முன்பெல்லாம் 18இல் வைத்தும் நள்ளிரவுவரை அறை குளிராது. மேலே சேர்த்துவைத்த சூடு தவணை முறையில் இறங்கிக்கொண்டே இருக்கும், ஏசி வட்டி கட்டிக்கொண்டே இருக்கும். இன்னொன்று, ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை, உள்ளே இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிரவைக்கிறது. அதனால் அணைத்ததும் வெண்டிலேட்டர் கயிற்றை இழுத்துத் திறந்துவிடுவேன். காலையில் தலை பாரம் இல்லை.

இந்த ஐப்பசி மழையில் கீழ்வீட்டுச் சமையலறைக்கு மேலிருக்கும் தனித்தளத்தில் பாசி பிடித்துச் சுண்ணாம்பு கறுத்துவிட்டது. அங்கே நுரைப்பலகை போடவில்லை, வெறும் வெள்ளைதான். தேய்த்துக் கழுவி மறுபடி அடிக்கவேண்டும். ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்கி மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறேன். அம்மா இப்போதும் கீழேதான் படுக்கிறாள். மாடி அறை ஜில்லென்று இருக்கிறது, வந்து படுங்கள் என்றால், "மொழங்கால வச்சுக்கிட்டு யாரு ஏறுறது? நீ மொதல்ல அந்தச் சுண்ணாம்ப அடி, என் அடுப்பங்கரை கொதிக்குது" என்கிறாள்.